செல்லைக் கொன்னது தங்கமா, நானா?

பிஹெச்டி ரெண்டாவது வருஷம். தங்க நானோராடு, அதாவது கண்ணுக்குத் தெரியாத குட்டித் தங்கக் குச்சி, போட்டு ஒரு நாள் விட்ட பிளேட்ட எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்குறேன், ஹீலா செல்லு (லேப்ல வளர்க்கிற கேன்சர் செல்லு) எல்லாம் சுருண்டு உருண்டையாகி மீடியாவுல, அதாவது செல்லு வளர்க்கிற திரவத்துல, மிதந்துட்டு இருக்கு, பக்கத்துல தங்கம் போடாத கன்ட்ரோல் வெல்லுல (பிளேட்ல இருக்கிற குழில) மட்டும் செல்லு தரையோட ஒட்டிக்கிட்டு ஜம்முனு பரவிக் கிடக்கு. எனக்குக் கை கால் ஓடல. நாப்பது தடவ போட்டோ எடுத்தேன், ராத்திரியே கிராஃப் போட்டு கைடு மேடம்கிட்ட காலைல கொண்டுபோய் நீட்டினேன், ரொம்பக் கம்மியான டோஸ்லயே பாதிக்கு மேல காலி மேடம்னு. அவங்க கிராஃப்ப முழுசாக்கூடப் பாக்கல. "ராடை சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி அடியில இறக்கிட்டு, மேல நிக்கிற தண்ணிய மட்டும் செல்லுல போட்டுப் பாத்தியா?"ன்னு கேட்டாங்க. பாக்கல. போய்ப் போட்டேன். தங்கமே இல்லாத அந்தத் தண்ணியும் அதே அளவு கொன்னுச்சு.

கொன்னது சிடிஏபி. நானோராடு செய்யுறவங்களுக்கு இது தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்றேன், தங்கம் உருண்டையா வளராம குச்சியா வளரணும்னா சிடிஏபின்னு ஒரு சர்ஃபாக்டன்ட் வேணும், சோப்பு மாதிரி சமாச்சாரம், ஆனா பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது. வளர்க்கிறப்ப வழக்கமா 0.1 மோலார் போடுவோம். கணக்குப் போட்டுப் பாருங்க, 0.1 மோலார்னா 1,00,000 மைக்ரோமோலார், அத ஆயிரம் மடங்கு நீர்த்தாலும் 100 மைக்ரோமோலார் மிச்சம் இருக்கும், செல்லோட மெம்பிரேனைக் கிழிக்க அது தாராளம். நான் ஒரே ஒரு தடவ ஸ்பின் பண்ணிட்டு "வாஷ் பண்ணியாச்சு"ன்னு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். சரி, நாலஞ்சு தடவ ஸ்பின் பண்ணித் தொலைவோம்னு பண்ணா அடுத்த பிரச்சன, ராடு மேல இருக்கிற சிடிஏபி படலமும் கழண்டு போயி ராடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி டியூப் அடியில கருப்பா உக்காந்துடும், அப்புறம் தட்டினாலும் கலக்கினாலும் எழும்பாது. அதனால ரெண்டு ஸ்பின், நடுவுல தயால் பெக் (தங்கத்துல ஒட்டிக்கிற ஒரு பாலிமர்) போட்டு மேல்பூச்ச மாத்திட்டு, அதுக்கப்புறம் மறுபடி வாஷ், இதுதான் எங்க லேப்ல இப்ப வழக்கம். இன்னொண்ணு, ஏசி ரூம்ல சிடிஏபி வெள்ள ஊசி ஊசியா படிஞ்சு நிக்கும், அப்படியே ஸ்பின் பண்ணா அதுவும் ராடோட சேர்ந்து இறங்கிடும், லேசா வெதுவெதுப்பாக்கி கரைச்சுட்டு ஸ்பின் பண்ணுங்க. இத எனக்கு யாரும் சொல்லித் தரல, ஆறு மாசம் போச்சு.

அதுக்கப்புறம் நான் எந்த ரிசல்ட்டப் பாத்தாலும் முதல்ல கேக்கிற கேள்வி ஒண்ணுதான், கொன்னது யாரு. மெட்டல் நானோபார்ட்டிகிளும் கேன்சர் செல்லும்னு சொன்னாலே ஏதோ குட்டிக் குண்டு நேரா போயி செல்ல அடிக்கிற மாதிரி படம் போடுறாங்க. லேப்ல நடக்குறது அப்படி இல்ல. செல்லுகிட்ட போய்ச் சேர்றது நீங்க பாட்டில்ல செஞ்சு வச்ச பொருளே கிடையாது.

முதல்ல இருந்தே சொல்றேன். தங்க உருண்டை செய்யுறது ரொம்ப அழகான வேல. கோல்டு குளோரைடு கரைசலக் கொதிக்க விட்டு, நல்லா சுத்திக்கிட்டு இருக்கிறப்ப சிட்ரேட்ட ஒரே மூச்சுல ஊத்தணும், வெளிர் மஞ்சள் கலர் போயி நிறமே இல்லாம ஆகி, கருநீலமா ஒரு நிமிஷம் பயமுறுத்திட்டு, அப்புறம் மாணிக்கம் மாதிரி சிவப்பு வரும். 1951-ல டர்கெவிச் சொன்ன முறை, இன்னைக்கும் அதேதான். 1 மில்லிமோலார் தங்கத்துக்கு 38.8 மில்லிமோலார் சிட்ரேட்ட பத்துல ஒரு பங்கு ஊத்தினா 13 நானோமீட்டர் பக்கம் வரும், யூவி-விஸ்ல (எந்த ஒளிய எவ்வளவு உள்வாங்குதுன்னு அளக்கிற கருவி) 520 நானோமீட்டர் கிட்ட ஒரு நல்ல பீக். முன்னாடியே கண்ணாடி சாமானெல்லாம் அக்வா ரீஜியால கழுவணும், மூணு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஒரு பங்கு நைட்ரிக், ஃப்யூம் ஹூட்குள்ள மட்டும். மிச்சத்த மூடி போட்ட பாட்டில்ல வச்சிடாதீங்க, கேஸ் கட்டி வெடிச்சிடும். நான் கழுவாம ஒரு தடவ செஞ்சு பாத்தேன், ஃபிளாஸ்க்கோட சுவர்ல கண்ணாடி மாதிரி தங்கம் பூசி நின்னுச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, கரைசல்ல ஒண்ணுமில்ல.

சிவப்பா இருக்கிற அந்தப் பாட்டில்ல இருந்து எடுத்து சீரம் (ரத்தத்துல இருந்து எடுக்கிற, புரோட்டீன் நிறைஞ்ச திரவம்) இல்லாத மீடியாவுல கலந்தேன். ஏன் சீரம் இல்லாததுன்னு கேட்டா, ஏதோ ஒரு பேப்பர்ல அப்படி இருந்துச்சு, அவ்ளோதான். கண்ணு முன்னாடியே சிவப்பு ஊதாவாச்சு, கொஞ்ச நேரத்துல சாம்பல் நீலம். சிட்ரேட் கொடுத்த நெகட்டிவ் சார்ஜ்தான் துகள்கள ஒண்ண ஒண்ணு தள்ளி நிக்க வைக்குது, மீடியாவுல இருக்கிற உப்பு அந்த சார்ஜ மறைச்சிடுது, உடனே எல்லாம் கட்டிப் பிடிச்சுக்கும். கலர் மாறுறதே துகளுங்க நெருங்கிடுச்சுங்கிறதுக்கு அடையாளம். அப்ப எனக்கு இது புரியல, நீலத்தையே செல்லுல ஊத்திட்டேன், நோட்டுல "13 நானோமீட்டர்"னு பெருமையா எழுதிட்டேன். செல்லு மேல விழுந்தது 13 நானோமீட்டர் துகளே இல்ல, பல நூறு நானோமீட்டர் கட்டி.

சீரத்துல முதல்ல கலந்துட்டு அப்புறம் மீடியாவுல சேர்த்தா பெரும்பாலும் சிவப்பு நிக்குது. ஏன்னா ஆல்புமின் மாதிரி புரோட்டீனெல்லாம் நிமிஷக் கணக்குல துகள் மேல போர்த்திக்குது, இதுக்கு புரோட்டீன் கொரோனான்னு பேரு, 2007-ல வச்ச பேரு, வைரஸ் கொரோனாவோட ஒரு சம்பந்தமும் இல்ல. நல்லதுன்னு நினைக்காதீங்க, ஒரு வில்லங்கமும் இருக்கு, செல்லு இப்ப பாக்குறது தங்கத்த இல்ல, அந்தப் போர்வைய. நீங்க கஷ்டப்பட்டு டிரான்ஸ்ஃபெரின்ங்கிற புரோட்டீன ஒட்டி "இது கேன்சர் செல்லத் தேடிப் போகும்"னு அனுப்பினா, சீரத்துல போன உடனே மேல வேற புரோட்டீன் மூடிக்கிட்டு அந்தத் தேடுற குணமே போயிடலாம்னு 2013-லயே காட்டிட்டாங்க. பாட்டில்ல எடுத்த டிஎல்எஸ்ஸையும் (துகள் சைஸ் அளவு) ஸீட்டா பொட்டென்ஷியலையும் (மேற்பரப்பு சார்ஜ் அளவு) மட்டும் வச்சுக்கிட்டு பேசாதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான். செல்லு வளர்க்கிற அதே மீடியாவுல, 37 டிகிரில, போட்ட உடனே ஒரு தடவ, 24 மணி நேரம் கழிச்சு ஒரு தடவ யூவி-விஸ் எடுங்க. பத்து நிமிஷ வேல. இது ஒண்ண மொதல் நாளே செஞ்சிருந்தா என் முதல் வருஷ டேட்டால பாதிய குப்பைல போட்டிருக்க வேண்டாம்.

டோஸ் விஷயத்துலயும் ஏமாந்திருக்கேன். எல்லாரும் மைக்ரோகிராம் பெர் எம்எல்னுதான் போடுறோம், 10 நானோமீட்டரும் 50 நானோமீட்டரும் ஒரே எடை போட்டு "சின்னது அதிகமா கொல்லுது"ன்னு எழுதுனேன். சீனியர் அக்கா ஒருத்தங்க பேப்பர எடுத்து கணக்குப் போட்டுக் காட்டினாங்க, ஒரே எடைல 10 நானோமீட்டர் துகள் 125 மடங்கு எண்ணிக்கை ஜாஸ்தி, மேற்பரப்பு 5 மடங்கு ஜாஸ்தி. "நீ சைஸ கம்பேர் பண்ணலடா, எண்ணிக்கைய கம்பேர் பண்ணியிருக்க"ன்னாங்க. இதுக்கு மேல பெரிய துகள் தங்கத்தோட எடையால கீழ படியும், செல்லு தரையிலதானே இருக்கு, அதனால கலந்த டோஸ் வேற, செல்லுக்குக் கெடைச்ச டோஸ் வேற. 2011-ல செல்லத் தலைகீழா தொங்கவிட்டே பாத்திருக்காங்க, கீழ படியுற சைஸா இருந்தா தலைகீழ் செல்லு கம்மியாத்தான் உள்ள எடுத்துக்குச்சு. படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு, அப்புறம் என் டேட்டாவ நினைச்சு சிரிப்பு போயிடுச்சு.

உள்ள எப்படிப் போகுதுங்கிறது எனக்கு இந்த முழு வேலையிலயே புடிச்ச பகுதி. டெம்ல, அதாவது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல, முதல் தடவ பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது, செல்லு சாம்பல் கலர்ல, அதுக்குள்ள சின்னச் சின்ன பை, ஒவ்வொரு பைக்குள்ளயும் மை தெறிச்ச மாதிரி கருப்புப் புள்ளிகள், பைக்கு வெளிய சைட்டோபிளாசத்துல ஒண்ணு ரெண்டு கூடக் கண்ணுல படல. செல்லு மெம்பிரேன் துகளச் சுத்திக்கிட்டு உள்ள இழுத்து பை ஆக்கிடுது, எண்டோசைட்டோசிஸ். ரொம்பக் குட்டித் துகள்னா ஒண்ணே ஒண்ண வச்சு மெம்பிரேனால சுத்திக்க முடியாது, ரொம்பப் பெருசுன்னா சுத்தறதுக்கு ரிசெப்டர் (மெம்பிரேன்ல துகளப் புடிக்கிற புரோட்டீன்) பத்தாது, நடுவுல ஒரு சைஸ் வசதியா இருக்கு. 2006-ல ஹீலா செல்லுல தங்கத்த வச்சு வாரன் சான்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு பாத்தப்ப 50 நானோமீட்டர்தான் அதிகமா உள்ள போச்சு, 14-ம் 74-ம் அதவிடக் கம்மி. அதுக்காக 50 மந்திர எண் கிடையாது, செல்லு மாறினா மேல்பூச்சு மாறினா இது மாறும்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது, உள்ள போயிடுச்சா வெளிய ஒட்டிக்கிட்டு இருக்காங்கிறது. ஐசிபி-எம்எஸ்ல (உலோகம் எவ்வளவு இருக்குன்னு அளக்கிற கருவி) தங்கத்த அளந்தா ரெண்டும் சேர்ந்துதான் வரும். வெளிய ஒட்டினத மட்டும் அயோடின், பொட்டாசியம் அயோடைடு கலவை போட்டுக் கரைச்சுக் கழுவிட்டு அளக்கலாம், இல்லாட்டி ஒரு செட்ட 4 டிகிரில வச்சுப் பாருங்க, குளிர்ல செல்லு இழுக்கிற வேலைய நிறுத்திடும், அப்பவும் அளவு வந்தா அது பெரும்பாலும் வெளிய ஒட்டினது. நான் முதல்ல ரெண்டுமே செய்யல, ரிவ்யூவர் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அந்தப் பை கடைசியா லைசோசோமாகும், அதாவது செல்லு எதையும் செரிக்கிற பை, பிஹெச் 4.5, 5 அந்த மாதிரி, நல்ல அமிலம். தங்கம் அங்க போயும் பெரும்பாலும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும். வெள்ளிதான் வேற கதை. வெள்ளித் துகள் அமிலத்துல கரைஞ்சு அயனா வெளிய வரும், அந்த அயன் கந்தகம் உள்ள எதையும் விடாது, செல்லக் காக்கிற குளூட்டாதயோன், என்சைம்ல இருக்கிற தயால் (கந்தகப் பகுதி) எல்லாத்தையும் புடிச்சிக்கும், ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஏறும், மைட்டோகாண்ட்ரியா சாயும், டிஎன்ஏ அடி வாங்கும். வாசல்ல சாதுவா நின்னு உள்ள போய் வேலையக் காட்டுறதால இத டிரோஜன் குதிரைன்னு சொல்வாங்க. ஆனா எல்லா அயனும் உள்ள போய்த்தான் வரணும்னு இல்ல, பாட்டில்லயே காத்துப் பட்டு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிக்கிட்டுதான் இருக்கு. நாலு மாசம் ஷெல்ஃப்ல இருந்த வெள்ளி, நேத்து செஞ்சத விட பயங்கரமா கொல்லும், எனக்கு ஒரே பேட்ச் ரெண்டு விதமா ரிசல்ட் கொடுத்துச்சு, பைத்தியம் புடிக்காத குறை. இப்பல்லாம் பாட்டில் மேல செஞ்ச தேதி இல்லன்னா தொட மாட்டேன். வெள்ளில வேல செய்யுறவங்க துகளோட கூடவே மூணு பொருள் போடணும்: சில்வர் நைட்ரேட், துகள ஃபில்டர்ல பிரிச்சு எடுத்த தண்ணி, அப்புறம் மேல்பூச்சு மருந்து மட்டும். சில்வர் நைட்ரேட்டும் மீடியாவுல போன உடனே குளோரைடோட சேர்ந்து படியும், புரோட்டீன்ல ஒட்டும், அதனால அந்த கன்ட்ரோலும் சுத்தமான கன்ட்ரோல் இல்ல, ஆனாலும் அது இல்லாம பேசவே முடியாது.

எம்டிடி பத்தி தனியா புலம்பணும். மஞ்சள் சாயம், உயிரோட இருக்கிற செல்லு அத ஊதா ஃபார்மசானா மாத்தும், 570-ல அளந்தா எவ்வளவு செல்லு உயிரோட இருக்குன்னு வரும், 1983-ல இருந்து எல்லார் லேப்லயும் இதுதான் தெய்வம். தங்கம் போட்ட வெல்லுல எனக்கு வந்தது 138 சதவீதம். செல்லு செழிச்சு வளருதுன்னு ரெண்டு நாள் நம்பினேன். அசடு. செல்லுக்குள்ள பை பையா நெருங்கி உக்காந்த தங்கத்தோட பீக் 520-ல இருந்து தள்ளிப் போயி நேரா 570 பக்கம் வந்துடும், ஃபார்மசான் கலரோட தங்கத்தோட கலரும் சேர்ந்து மீட்டர் காட்டுது. செல்லும் தங்கமும் போட்டு எம்டிடி போடாத வெல் ஒண்ணு, செல்லே இல்லாம தங்கமும் எம்டிடியும் போட்ட வெல் ஒண்ணு, இந்த ரெண்டும் பிளேட்ல இருந்தா அப்பவே புடிச்சிருக்கலாம். ஃபார்மசானக் கரைச்ச டிஎம்எஸ்ஓவ ஸ்பின் பண்ணி மேல இருக்கிறத வேற பிளேட்டுக்கு மாத்தி அளந்தா இன்னும் நல்லது. எல்டிஹெச்சுக்கு (செத்த செல்லுல இருந்து கசியுற என்சைம அளக்கிற டெஸ்ட்) ஓடலாம்னு பாக்காதீங்க, வெள்ளியும் செம்பும் அந்த என்சைமையே முடக்கிடும், செல்லு செத்தும் சாகாத மாதிரி காட்டும். ஒரே அஸே, அதாவது ஒரே டெஸ்ட், நம்பி உக்காராம அனெக்சின் ஃப்ளோவோ (சாகுற செல்லுக்கு ஒளிருற குறி போட்டு எண்ணுறது), காலனி எண்ணுற முறையோ, ஒண்ணு வேற வழில பாத்துடுங்க. காலனி முறை ரெண்டு வாரம் இழுக்கும், ஆனா பொய் சொல்றது ரொம்பக் கம்மி, மீட்டர நம்பாம கண்ணால எண்ணலாம்.

செடிச் சாறு வச்சு வெள்ளி செய்யுற கிரீன் சிந்தசிஸ் ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாது, நானும் ஆரம்பத்துல செஞ்சவன்தான். அந்தச் சாறுல இருக்கிற பாலிஃபீனால் செல்லே இல்லாம எம்டிடிய ஊதாவாக்கும், அந்தச் சாறே செல்லக் கொல்லவும் செய்யும். சாறு மட்டும் போட்ட வெல் இல்லாம "நானோபார்ட்டிகிள் கேன்சரைக் கொன்னுச்சு"ன்னு எழுதுறதுல எனக்கு நம்பிக்கை போயே போச்சு. மைக்கோபிளாஸ்மா (செல்லுல தெரியாமத் தொத்துற ஒரு பாக்டீரியா) டெஸ்ட்டும் மாசம் ஒரு தடவ பண்ணிடுங்க, அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல.

"கேன்சர் செல்ல மட்டும் கொல்லுது, நார்மல் செல்ல விட்டுடுது"ங்கிற வாக்கியத்த நானும் ஒரு போஸ்டர்ல எழுதினேன். கேன்சர் லைன் வேகமா பெருகுது, நார்மல் செல்லுன்னு நான் எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் மெதுவா பெருகுது, மீடியா வேற, சீரம் அளவு வேற, ஒரு வெல்லுக்கு இருந்த செல்லு எண்ணிக்கையும் வேற. இத்தனை வேற வேற இருக்கிறப்ப துகளுக்குப் புத்தி இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதே மீடியாவுல, அதே எண்ணிக்கைல, ஒரு செல்லுக்கு எத்தனை துகள் உள்ள போச்சுன்னு அளந்து திரும்பப் போட்டப்ப அந்த வித்தியாசம் பாதிக்கும் கீழ சுருங்கிடுச்சு. போஸ்டருக்கு பரிசு வேற கொடுத்திருந்தாங்க, அதச் சொல்லாம விட்டா நியாயமில்ல.

சரி, தங்கம் ஒண்ணுக்கும் ஆகாதான்னா அப்படியும் இல்ல. தங்கம் தானா கொல்லாதுங்கிறதே அதோட பலம், நாம சொல்ற நேரத்துல சொல்ற இடத்துல வேல செய்ய வைக்கலாம். அணு எண் 79, எக்ஸ்ரேய நல்லா உள்வாங்கி சுத்தி எலக்ட்ரான் தெறிக்க விடும், 2004-ல கேன்சர் கட்டி இருந்த எலிகளுக்கு 1.9 நானோமீட்டர் தங்கம் கொடுத்து எக்ஸ்ரே அடிச்சப்ப ஒரு வருஷம் கழிச்சு 86 சதவீதம் உயிரோட இருந்துச்சு, எக்ஸ்ரே மட்டும் அடிச்சதுல 20 சதவீதம். சிலிக்கா மேல தங்கம் பூசின நானோஷெல்ல போட்டு லேசர் அடிச்சு சூடாக்கி புராஸ்டேட் கட்டியப் பொசுக்குற முறையில 2019-ல 16 நோயாளிகள வச்சு ஒரு சின்ன ஆய்வு வெளிவந்துச்சு. இங்கெல்லாம் கொன்னது யாருன்னு தெளிவா சொல்ல முடியுது, கதிரும் சூடும். லேசர் அணைச்சா கொலை நிக்கணும், நிக்குதான்னு பாத்துக்கலாம்.

பிளேட்ல இருந்து உடம்புக்குப் போறது இன்னொரு மலை. கட்டிக்குப் போற ரத்தக்குழாய் ஓட்டை ஓட்டையா இருக்கும், அது வழியா துகள் கசிஞ்சு போய்த் தங்கும்ங்கிற எண்ணம் 1986-ல இருந்து ஓடுது. 2016-ல பத்து வருஷப் பேப்பர எல்லாம் கூட்டி கணக்குப் போட்டுப் பாத்தா, ஊசி போட்ட துகள்ல கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது மீடியன் (நடு மதிப்பு) 0.7 சதவீதம். நூத்துல ஒண்ணு கூட இல்ல. மிச்சத்துல பெரும் பங்கு கல்லீரலும் மண்ணீரலும் புடிச்சு வச்சுக்கும். இதச் சொன்னா சில பேருக்கு என் மேல கோவம் வருது. தெரிஞ்சவங்க ஒருத்தங்க போன் பண்ணி, வீட்ல ஒருத்தருக்குக் கேன்சர், வெள்ளி கலந்த தண்ணி விக்கிறாங்க, குடிக்கலாமா, நீதான் அதுல வேல செய்யுறியேன்னு கேட்டப்ப எனக்குத் தொண்ட அடைச்சிடுச்சு. வேணாம், டாக்டர் கொடுக்கிற மருந்த நிறுத்தாதீங்க, வெள்ளி உடம்புல தங்கினா தோலு நீலச் சாம்பலா மாறும், அது திரும்ப மாறாதுன்னு சொன்னேன். "அப்ப உங்க பேப்பர்ல கொல்லுதுன்னு போட்டிருக்கே"ன்னு கேட்டாங்க. பிளாஸ்டிக் தட்டுல இருக்கிற செல்லத்தான் கொல்லுதுன்னு சொன்னேன், அது அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு தெரியல. அன்னைலருந்து நான் எழுதுற எல்லாத்துலயும் "செல் லைன்ல"ங்கிற வார்த்தைய முதல் வரியிலயே போட்டுடுறேன்.

நேத்து சாயங்காலம் புதுசா சேர்ந்த பொண்ணு ஓடி வந்துச்சு, "அண்ணா, ரொம்பக் கம்மி டோஸ்லயே எல்லாம் செத்துடுச்சு, வந்து பாருங்க"ன்னு. போய்ப் பாத்தேன், நிஜமாவே நல்லா செத்திருந்துச்சு. மேல நிக்கிற தண்ணிய மட்டும் போட்டியான்னு கேட்டேன். அது பதில் சொல்லாம பாட்டில எடுத்துக்கிட்டு சென்ட்ரிஃபியூஜ் பக்கம் போயிடுச்சு. பிளேட்ட நாளைக்கு மத்தியானம் ரீட் பண்றோம்.